பொலிகாளையின் 61 நாட்கள்: விந்தணு உருவாகும்போது செல்லுக்குள் நடப்பவை

காங்கேயம் காளையைக் கண்ணால் அளப்பதில் கொங்கு நாட்டாருக்கு நிகர் அவர்களே. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தையிலும், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையிலும் ஒரு பொலிகாளையைச் சுற்றிக் கூடுகிறவர்கள் திமிலைப் பார்க்கிறார்கள், கொம்பு விரிந்து வளைந்த வாட்டத்தைப் பார்க்கிறார்கள், குளம்பைப் பார்க்கிறார்கள். மயிலைக் காளையானால் கழுத்தும் திமிலும் பின்தொடையும் எவ்வளவு கருத்திருக்கின்றன என்று பார்க்கிறார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் தொழுவங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்த தெரிவு இந்தக் கண்ணால் நடந்தது. 1936இல் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி நூல் எழுதிய லிட்டில்வுட், காங்கேயம் இனத்துக்கு அதில் உரிய இடம் கொடுத்திருக்கிறார்.

அந்தக் கருமை வெறும் அழகல்ல. காளையைக் காயடித்தால் அது வெளுத்துவிடும் என்பது எந்தத் தோட்டத்துக்காரருக்கும் தெரியும். விதையிலுள்ள லெய்டிக் செல்கள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன்தான் கழுத்தைக் கருக்க வைக்கிறது. ஆக, கருத்த கழுத்தைப் பார்த்து ‘இது ஆண்மையுள்ள காளை’ என்று சொல்பவர் சரியாகவே சொல்கிறார். ஆனால் அவர் பார்த்தது விதையின் ஒரு பாதியைத்தான். லெய்டிக் செல்கள் விந்து நுண்குழல்களுக்கு வெளியே இருக்கின்றன. விந்தணு உருவாவதோ அந்தக் குழல்களுக்குள்ளே. வெப்பம் தாக்கும்போது முதலில் அடிபடுவது உள்ளே இருப்பவைதான். வெளியே ஹார்மோன் பெரிதாகக் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால் கழுத்து கருத்து, துள்ளி ஏறி, பார்க்க எல்லா விதத்திலும் நிறைவான ஒரு காளையின் விந்தணுக்கள் பழுதாக இருக்க முடியும்.

இன்று பெரும்பாலான பசுக்கள் காளையை நேரில் பார்ப்பதுமில்லை. மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப்போகிறோம், அல்லது சினை ஊசி போடுபவரே வண்டியில் வந்துவிடுகிறார். இந்தியாவில் செயற்கை முறைக் கருவூட்டல் 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் கையால் தொடங்கியது. 1949இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கிளிசரால் கலந்தால் விந்தணு உறைநிலையைத் தாங்கும் என்று கண்டார்கள். உறைவிந்துக் குச்சி அதிலிருந்து வந்தது. கால் மில்லி கொள்ளும் ஒரு குச்சியில் 2 கோடி விந்தணுக்கள், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில். அரை நிமிடம் 37 டிகிரி வெந்நீரில் வைத்து உருக்கியதும் அவற்றில் பாதியாவது முன்னோக்கி நீந்த வேண்டும் என்பது நம் நாட்டில் கடைப்பிடிக்கும் அளவுகோல்.

நீந்துகிறதா என்ற ஒரு கேள்வியில்தான் நம் தர மதிப்பீடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அது போதாது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. நீந்துவது வாலின் வேலை. தலையிலும் கழுத்திலும் இருக்கும் நுண்ணுறுப்புகள் ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில், வேறு வேறு வழியில் உருவாகின்றன, பழுதாவதும் அப்படியே. கடந்த ஒரு நூற்றாண்டு ஆய்வு இதைப் பற்றிச் சொல்வதை நம் காளைகளை வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

உருண்டைச் செல் நீளும் கதை

காளையில் ஒரு மூலச் செல் விந்தணுவாக ஏறத்தாழ 61 நாட்கள் ஆகின்றன. முதல் மூன்று வாரம் செல் பெருகுகிறது. அடுத்த மூன்று வாரத்துக்குச் சற்று அதிகமான காலம் குரோமோசோம்களைப் பாதியாக்கும் பிரிவில் போகிறது. அதன் முடிவில் கிடைப்பது ஓர் உருண்டைச் செல். அதற்கு வாலில்லை, கூர்மையில்லை. மற்றெந்தச் செல்லையும் போல நடுவில் உட்கரு, பக்கத்தில் கோல்கி உறுப்பு, சிதறிக்கிடக்கும் மைட்டோகாண்ட்ரியா, எண்டோபிளாச வலை, ரைபோசோம்கள், இரண்டு சென்ட்ரியோல்கள். இனி அது பிரியாது. மிச்சமுள்ள இரண்டரை வாரத்தில், செர்டோலி என்ற தாதிச் செல்லின் மடிப்புகளில் புதைந்தபடியே, சுமார் 70 மைக்ரான் நீளமுள்ள விந்தணுவாக உருமாறுகிறது. வெளியிலிருந்து எதுவும் வந்து சேர்வதில்லை. இருக்கும் உறுப்புகளே இடம் மாறி, வடிவம் மாறி, தேவை முடிந்தவை கழிக்கப்படுகின்றன.

முதலில் வேலையைத் தொடங்குவது கோல்கி. அதிலிருந்து சிறு சிறு குமிழிகள் கிளம்பி உட்கருவின் ஒரு பக்கத்தில் ஒன்றுகூடிப் பெரிய பையாகின்றன. பை உட்கருவின் மேல் படிந்து, பரவி, தொப்பியாக முன்பாதியைப் போர்த்துகிறது. இதுதான் அக்ரோசோம். உள்ளே அக்ரோசின், ஹையலுரோனிடேஸ் முதலான நொதிகள் அடைபட்டிருக்கும். சினைமுட்டையைச் சூழ்ந்த உறைகளைக் கடக்க அவை வேண்டும். வேலை முடிந்த கோல்கி உட்கருவை விட்டு விலகிப் பின்பக்கம் போய்விடும்.

சொல்ல எளிதாக இருக்கும் இந்த வரிசையை நிறுவ அரை நூற்றாண்டு பிடித்தது. கமில்லோ கோல்கி 1898இல் இந்த உறுப்பை விவரித்த பிறகும், அது உண்மையிலேயே செல்லில் இருக்கிறதா அல்லது சாயமேற்றும்போது தோன்றும் மயக்கமா என்ற வாக்குவாதம் 1950கள் வரை ஓயவில்லை. இந்த வாதத்தில் நம் நாட்டவரும் இருந்தார்கள். லாகூரிலும் பின்னர் பஞ்சாப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய விஷ்வநாத், விலங்குகளின் விந்தணு உருவாக்கத்தையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டு 1965இல் தனி நூலே வெளியிட்டார். ஒளி நுண்ணோக்கியில் ஆண்டுக்கணக்கில் கண் பதித்து எழுதிய அந்தத் தலைமுறையை நாம் போதிய அளவு நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின் கோல்கி இருப்பதில் சந்தேகமில்லாமல் போயிற்று. அதே காலத்தில், 1952இல், கனடாவில் லெப்லாண்டும் கிளெர்மாண்டும் அக்ரோசோமைக் கருஞ்சிவப்பாகக் காட்டும் சாயத்தைப் பயன்படுத்தி எலியின் விந்தணு உருமாற்றத்தை 19 படிகளாகப் பிரித்தார்கள். அந்த அளவுகோல் பிறகு காளைக்கும் வந்தது.

அக்ரோசோமுக்குக் கோல்கி மட்டும்தான் மூலமா, செல்லின் வெளிச்சவ்விலிருந்து உள்ளிழுத்த குமிழிகளும் சேர்கின்றனவா என்பதில் இன்னும் பேச்சு நடக்கிறது. இரண்டும் சேர்கின்றன என்ற பக்கமே சான்று கூடிவருகிறது. அந்த நொதிப்பை எப்போது வெடிக்க வேண்டும் என்பதிலும் கருத்து மாறியிருக்கிறது. முட்டையின் உறையைத் தொட்ட பிறகே என்று பாடப்புத்தகங்கள் எழுதிவந்தன. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலியில் படம் பிடித்துப் பார்த்தபோது, கருவுறச் செய்த விந்தணுக்களில் பெரும்பாலானவை உறையைத் தொடும் முன்பே அதைத் தொடங்கிவிட்டிருந்தன. காளைக்கும் அப்படியா என்பதை விட்டுவிடலாம். வேளைக்கு முன் வெடித்துவிட்ட அக்ரோசோமோடு நீந்துவது பயனற்ற நீச்சல் என்பதே நமக்கு வேண்டியது. உறைய வைத்து உருக்கும்போது அடிக்கடி சிதைவதும் இந்தத் தொப்பிதான். வால் ஆடிக்கொண்டே இருக்கும்.

உட்கருவில் நடப்பது சுருக்கம். சாதாரணச் செல்லில் டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றியிருக்கும். உருமாறும் செல் ஹிஸ்டோன்களைக் கழற்றி, முதலில் இடைக்காலப் புரதங்களையும் பிறகு புரோட்டமின்களையும் போட்டு இழையை இறுக்குகிறது. மனிதரில் புரோட்டமின் இரண்டு வகை. காளையில் பெரும்பாலும் முதல் வகையே. இறுகிய பின் மரபணுக்களைப் படிப்பது நின்றுவிடும். விதையை விட்டு வெளியேறி எபிடிடிமிஸ் என்ற சுருள் குழாயில் பயணம் செய்யும்போது புரோட்டமின்களுக்கிடையே கந்தகப் பிணைப்புகள் விழுந்து பூட்டு இன்னும் இறுகும். இந்த வேலை அரைகுறையானால் டி.என்.ஏ. எளிதில் உடைகிறது. உடைந்த டி.என்.ஏ. உள்ள விந்தணு முட்டையைக் கருவுறச் செய்யவும் கூடும். ஆனால் கரு சில நாட்களிலோ வாரங்களிலோ அழிந்துவிடலாம். ‘ஊசி போட்டோம், நின்ற மாதிரி இருந்தது, மறுபடி கத்துகிறது’ என்று சொல்லும் வீடுகளில் குற்றம் எப்போதும் பசுவின் மேல் போகிறது. ஒரு பங்கு குச்சிக்குள்ளும் இருக்கலாம்.

உட்கருவை நீள வடிவுக்குக் கொண்டுவர, நுண்குழல்களால் ஆன ஒரு தற்காலிகப் பாவாடை பின்பாதியைச் சுற்றி அமைந்து, வேலை முடிந்ததும் கலைந்துபோகிறது. இது சரியாக அமையாவிட்டால் தலை பேரிக்காய் வடிவில் அடிப்பக்கம் ஒடுங்கிவிடும்.

வாலும் கழுத்தும்

சென்ட்ரியோல்கள் இரண்டும் உட்கருவின் பின்புறம் போய்ச் சேருகின்றன. அவற்றில் ஒன்றிலிருந்து வாலின் அச்சு வளர்கிறது: ஓரத்தில் ஒன்பது இரட்டைக் குழல்கள், நடுவில் இரண்டு. வாலை வளர்த்த சென்ட்ரியோல் பிறகு சிதைந்துவிடுகிறது, அருகிலிருக்கும் மற்றொன்று மட்டுமே முட்டைக்குள் போகிறது என்று பல பத்தாண்டுகள் எழுதப்பட்டு வந்தது. எலியில் இரண்டுமே அழிந்துவிடுவதால், எலியை வைத்து நடந்த ஆய்வுகள் சென்ட்ரியோலைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2018இல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் அவிடார்-ரைஸ் குழு, மனிதரிலும் மாட்டிலும் அந்த இரண்டாவது சென்ட்ரியோல் சிதையவில்லை, வேறு வடிவம் எடுத்துக்கொண்டு உயிரோடு இருக்கிறது, கருவின் முதல் பிரிவில் பங்கும் கொள்கிறது என்று காட்டியது. இந்த ஒரு செய்தியில் எலியைவிடக் காளைதான் மனிதனுக்கு நெருக்கமான மாதிரி. கால்நடை ஆய்வைப் பால் லிட்டர் கணக்கோடு மட்டும் கட்டிப்போடுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது: கொங்கு நாட்டுத் தொழுவத்தில் நிற்கும் காளையின் செல் மனித மருத்துவத்துக்கும் பதில் வைத்திருக்கிறது.

அடுத்தது மைட்டோகாண்ட்ரியா. செல் முழுக்கச் சிதறிக்கிடந்தவை வாலின் மேற்பகுதிக்கு வந்து, பம்பரத்தில் கயிறு சுற்றியது போல் வரிசையாகச் சுருண்டு அமர்கின்றன. கிடைத்த எல்லாமே சுற்றில் சேர்வதில்லை. ஒரு பகுதி கழிவோடு போய்விடும். வாலுக்கு ஆற்றல் இந்தச் சுற்றிலிருந்து மட்டும் வருகிறதா என்றால், அதுவும் உயிரினத்துக்கு உயிரினம் மாறுகிறது. சுண்டெலி விந்தணு வாலின் கீழ்ப்பகுதியில் சர்க்கரையைச் சிதைத்தே பெரிதும் ஓடுகிறது. 2004இல் அதற்கான ஒரு நொதியை நீக்கியபோது முன்னோக்கி நீந்துவதே நின்றுபோனது. காளை விந்தணு மைட்டோகாண்ட்ரியாவைப் பெரிதும் நம்புகிறது.

இந்த மைட்டோகாண்ட்ரியாவில் கொங்கு நாட்டுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு செய்தி உண்டு. 1999இல் சுடோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும், விதையிலேயே விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்படுகிறது என்று கண்டார்கள். முட்டைக்குள் போனதும் அந்த அடையாளத்தைப் பார்த்து முட்டை அவற்றை அழித்துவிடுகிறது. எனவே கன்றின் மைட்டோகாண்ட்ரியா முழுவதும் தாயுடையது. நாட்டு மாட்டுக்கு ஜெர்சி ஊசி போட்டு, பிறந்த கிடாரிக்கும் ஜெர்சியே போட்டு, இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கலந்து வந்தாலும், மூலத்தாய் காங்கேயமானால் இன்றைய கலப்புப் பசுவின் மைட்டோகாண்ட்ரியா காங்கேயமே. இறக்குமதியானது பெரும்பாலும் விந்து. தாய்வழி இங்கேயே இருந்தது. காங்கேயம் அழிந்துவருகிறது என்று வருந்தும்போது, பண்ணைகளில் நிற்கும் கலப்புப் பசுக்களை எதிரியாகப் பார்க்காமல், அந்தத் தாய்வழியைச் சுமப்பவையாகவும் பார்க்கலாம். அவற்றுக்குக் காங்கேயம் காளையைத் திரும்பத் திரும்பச் சேர்த்தால் உட்கருவின் பங்கும் மெல்ல மெல்ல மீண்டு வரும்.

கடைசியில் கழிவு. எண்டோபிளாச வலை, ரைபோசோம், பழைய கோல்கி, மிச்ச மைட்டோகாண்ட்ரியா எல்லாம் ஒரு பொட்டலமாக உதிர்கின்றன. செர்டோலி செல் அதை விழுங்கிச் செரிக்கிறது. ஒரு சிறு துளி மட்டும் கழுத்தருகே ஒட்டியிருக்கும். எபிடிடிமிஸில் போகும்போது அது வால் பக்கம் நகர்ந்து பிறகு உதிர வேண்டும். கழுத்தில் துளி ஒட்டிய விந்தணுக்கள் அதிகம் தெரிந்தால், காளை இன்னும் பருவம் முற்றாத இளங்காளை, அல்லது விதையில் கோளாறு.

உட்கருவையே கழித்துவிடும் விந்தணுவும் உண்டு. உடுமலையிலும் கோபியிலும் மல்பெரித் தோட்டங்களோடு வளரும் பட்டுப்பூச்சியின் ஆண், உட்கரு உள்ளது, இல்லாதது என இருவகை விந்தணுக்களை உண்டாக்குகிறது. உட்கருவில்லாதவை வீண் என்று நினைத்தவர்களுக்கு 2019க்குப் பிறகு வந்த மரபணு ஆய்வுகள் விடை தந்தன: அவை இல்லாவிட்டால் மற்றவை பெண்ணின் விந்துப் பைக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

சித்திரை வெயில் எப்போது தெரியும்

காளையின் விதை உடம்பைவிட 4, 5 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் மேலே சொன்ன வேலைகள் நடக்கும். விதைப்பையைச் சூடேற்றினால் என்ன ஆகிறது என்று பார்க்க, அமெரிக்காவில் காளைகளின் விதைப்பையை 48 மணி நேரம் மூடிக் கட்டிவைத்துப் பின் மூன்று நாட்களுக்கு ஒருமுறை விந்தைச் சோதித்தார்கள். முடிவு 1993இல் வெளியானது. கட்டை அவிழ்த்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. 12 முதல் 15ஆம் நாளில் வாலற்ற தலைகள் வந்தன. 18ஆம் நாளில் உட்கருவில் வளையமாகப் பள்ளங்கள். 21ஆம் நாளில் பேரிக்காய்த் தலைகள். 27ஆம் நாளில் அக்ரோசோம் முடிச்சு விழுந்தவை. 30ஆம் நாளில் வால் சுருண்டு மைட்டோகாண்ட்ரியா சுற்று குலைந்தவை. இந்தக் கடைசிக் குறைக்கு ‘டாக்’ குறை என்று பெயர். முதலில் அது கண்டறியப்பட்ட டென்மார்க் ஜெர்சி காளை ஒன்றின் பெயர் அது.

இந்த வரிசையைப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். எபிடிடிமிஸைக் கடக்கும் 8 முதல் 11 நாட்களைக் கழித்தால், சூடு பட்ட நாளில் ஒவ்வொரு செல்லும் எந்தப் படியில் இருந்தது என்று தெரிந்துவிடும். 27ஆம் நாளில் முடிச்சு விழுந்த அக்ரோசோமோடு வந்த விந்தணு, சூடு பட்டபோது கோல்கியிலிருந்து குமிழி கட்டிக்கொண்டிருந்த உருண்டைச் செல். 21ஆம் நாளின் பேரிக்காய்த் தலை, நுண்குழல் பாவாடை உட்கருவை நீட்டிக்கொண்டிருந்தபோது சூடு பட்டது. எந்த உறுப்பு பழுதோ அந்த உறுப்பு உருவான நாளில் காளைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கலாம்.

கொங்கு நாட்டில் இதன் பொருள் என்ன? சித்திரை வெயிலில் பட்ட அடி வைகாசி விந்தில்தான் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனிக் காற்று புகுந்து தோட்டமெல்லாம் குளிர்ந்த பிறகும், விதைக்குள் சித்திரையில் தொடங்கிய செல்கள் வந்துகொண்டிருக்கும். முழுதாகத் தெளிய இரண்டு மாதம் வேண்டும். வெப்பம் நேரடியாகக் கெடுக்கிறதா, சூட்டில் விதைக்கு ஆக்சிஜன் போதாமல் கெடுகிறதா என்று நெடுநாள் வாதம் இருந்தது. கனடாவின் கால்கரியில் கேஸ்டலிக் குழு ஆக்சிஜன் அளவை மாற்றிப் பார்த்து, வெப்பமே முதற்காரணம் என்று கண்டது.

நம் மாடுகளுக்கு இதில் ஒரு பலம் இருக்கிறது. திமிலுள்ள இனக் காளைகளின் விதைக்குப் போகும் தமனி, விதையின் அளவோடு பார்த்தால் நீளமானது, சுவர் மெல்லியது, சிரையோடு நெருங்கி ஓடுவது. போகும் சூடான ரத்தம் திரும்பும் குளிர்ந்த ரத்தத்திடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டே உள்ளே நுழைகிறது. வேல மர நிழலும் கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியுமாக இருக்கும் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் காங்கேயம் வெயிலைத் தாங்கி நிற்பதற்குத் தோலும் நிறமும் மட்டும் காரணமல்ல. ஜெர்சி காளைகளுக்கு உதகையின் குளிரில் பண்ணை வைத்திருப்பதும் காரணமில்லாமல் அல்ல. இரண்டையும் கலந்த ஆண் கன்றுகளில் பல விந்துத் தரம் போதாமல் கழிக்கப்படுவது இந்தியப் பண்ணைகள் பலவற்றில் பதிவான செய்தி.

மனிதருக்கும் இதே உறுப்புகள்தான், காலம் மட்டும் 74 நாள் அளவில் நீள்கிறது. கோவையில் குழந்தைப்பேறு மருத்துவமனைகள் தெருவுக்குத் தெரு வந்துவிட்ட பிறகும், முதலில் சோதனைக்குப் போவது பெண்ணாகவே இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வார்ப்பாலை உலைக்களத்திலும் சாயப்பட்டறைக் கொதிகலன் அருகிலும் நாள் முழுக்க நிற்கும் ஆண்களுக்குத் தொழில் வெப்பம் விந்தணுவைப் பாதிக்கக்கூடும் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அக்ரோசோமே உருவாகாத உருண்டைத் தலை விந்தணுக் குறைக்கு டிபிஒய்19எல்2 என்ற மரபணு பெரும்பாலும் காரணம் என்று 2011இல் தெரிந்தது. 1992இல் பிரஸ்ஸல்ஸில் வெற்றி கண்ட, விந்தணுவை நேரே முட்டைக்குள் செலுத்தும் முறை, அத்தகையவர்களுக்கும் ஒரு வழி திறந்தது.

நம் காளைகளுக்கு வேண்டியதெல்லாம் பெரிய கருவிகள் அல்ல. ஈயோசின்-நிக்ரோசின் சாயம் தலை, வால், துளிக் குறைகளைக் காட்டும். ஜீம்சா சாயம் அக்ரோசோமைக் காட்டும். அக்ரிடின் ஆரஞ்சு, இறுகாத டி.என்.ஏ.வை நிறம் மாற்றிக் காட்டும். அதற்கு மட்டும் ஒளிரும் நுண்ணோக்கி வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் மாணவர்கள் படிக்கும் முறைகளே இவை. காங்கேயம் போல் பொலிகாளைகள் குறைந்துவிட்ட இனத்தில் ஒரு காளையின் விந்து ஆயிரக்கணக்கான குச்சிகளாகப் பரவும். ஒரு முறை எடுக்கும் 5 மில்லியில், மில்லிக்கு 100 கோடி என்று வைத்தால், 250 குச்சிகள் வருகின்றன. அந்த 250 பசுக்களின் சார்பில் தலையையும் பார்த்துவிடுங்கள் என்று கேட்பது அதிகமில்லை.

குச்சியின் மேல் காளையின் எண்ணோடும் இனத்தோடும் விந்து எடுத்த தேதியும் அச்சாகியிருக்கும். சினை ஊசி போடுபவர் குச்சியை எடுக்கும்போது அதைக் கேட்டுப் பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து இரண்டு மாதம் பின்னோக்கி எண்ணினால், அந்தக் காளை எந்த வெயிலில் நின்றது என்று தெரியும்.